வாசலுக்கு வந்த கட்டக்கோரை

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. கூட்டிச் சொன்னால் பஞ்சவர்ணம் அக்கா பிடித்துக்கொள்வார், குறைத்துச் சொன்னால் அடுத்த வீட்டு இருளாயி மயினி பிடித்துக்கொள்வார், முன்னால் நடந்ததைப் பின்னால் வைத்துவிட்டால் என் வீட்டுக்காரர் களஞ்சியம், வேறு எதற்கும் வாய் திறக்காத மனுஷன், வலையைப் பிரித்துக்கொண்டே திருத்துவார். அதனால் எல்லாருக்கும் ஒத்துப்போகிற ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மாசி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறி, கடல் நன்றாக வற்றி, பாறைகள் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்த நேரத்தில், கட்டக்கோரை கரையேறி எங்கள் ஊருக்குள் வந்தது.

கட்டக்கோரை என்பது பழுப்பு நிறக் கடற்பாசி. கொடி மாதிரி நீளமாக வளரும், மிளகு அளவில் காற்றுக்குமிழ்கள் வைத்திருக்கும், அந்தக் குமிழ்களின் தயவில்தான் தண்ணீருக்குள் நிமிர்ந்து நிற்கும். எங்கள் கோரைமுனைப் பெண்களுக்கு அதுதான் சோறு. கண்ணாடி மாட்டி, விரலுக்கு விரல் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்குவோம், கையால் கிள்ளுவோம், வேரைத் தொடமாட்டோம். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் இறங்குவோம், மற்ற நாள் அது வளரட்டும் என்று விட்டுவிடுவோம். கடலுக்குள் இரும்பு கொண்டுபோகக் கூடாது. இரும்புச் சுரண்டியால் சுரண்டினால் கை நிறைய வரும், வேரும் சேர்ந்து வரும், அடுத்த வருஷம் அந்த இடத்தில் மொட்டைப் பாறைதான் இருக்கும். பாசிக்குக் கெடுதல் செய்தவளை ஒரு பருவம் முழுக்கக் கடலில் இறங்கவிடுவதில்லை என்பது பஞ்சவர்ணம் அக்கா தலைமையில் எங்கள் பெண்கள் சங்கம் போட்ட கட்டு.

அன்றைக்கு வந்தவை முப்பது கொடிகள் இருக்கும். வேர்ப்பிடியைப் பாதம் மாதிரி மணலில் ஊன்றி, தழையை முந்தானை மாதிரிப் பின்னால் இழுத்துக்கொண்டு, ஈரத்தடம் போட்டபடி, காயப்போட்ட நெத்திலியை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்றன. நின்று, தழையை ஒரு உதறு உதறின. குமிழ்கள் உதிர்ந்தன. காற்றுக்குமிழ் விழுந்தால் சத்தம் கேட்காது, ஆனால் இவை சிமெண்டுப் படியில் டக் டக்கென்று விழுந்து உருண்டன, ஏனென்றால் உள்ளே இருந்தது காற்று இல்லை, உலோகம். உதறி முடித்ததும் பாரம் இறங்கின தோளோடு வந்த வழியே திரும்பிப் போயின.

நாய்கள் முதல் நாள் குரைத்தன, இரண்டாம் நாள் முகர்ந்து பார்த்தன, மூன்றாம் நாள் எழுந்திருக்கவில்லை. மனிதர்களுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நாள்தான் ஆயிற்று. வாரம் முடிவதற்குள், கேஸ் சிலிண்டர் வந்ததா என்று கேட்கிற மாதிரி பாசி வந்துட்டுப் போச்சா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கடல் வத்தம் எத்தனை மணிக்கு என்று பார்த்து, மோட்டார் சைக்கிள்களை வழியிலிருந்து ஓரமாக நகர்த்தி வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எல்லாம் ஜன்னலுக்கு ஓடுகிறார்கள் என்று வாத்தியார் இடைவேளையையே அந்த நேரத்துக்கு மாற்றிவிட்டார். கோலம் போடுகிறவர்கள் படிக்குக் கீழே ஒரு முழம் வெற்றிடம் விட்டுப் போட்டார்கள்.

வீட்டுக்கு வீடு வேறு வேறு குமிழ். படகுக்கு அடியில் செப்புச் சாயம் அடிக்கிறவர்கள் வாசலில் சிவந்த குமிழ், டார்ச் பேட்டரிக் கட்டைகளைக் கடலில் எறிகிறவர்கள் வாசலில் வெளிறிய துத்தநாகக் குமிழ், வீட்டுச் சுவருக்குப் பச்சை பெயிண்ட் அடித்துவிட்டு டப்பாவைக் கடலில் கழுவினவர் வாசலில் என்னவென்று தெரியாத ஒரு பச்சைக் குமிழ். வாத்தியார் வீட்டு வாசலில் கிடந்ததைப் பார்த்துத்தான் எல்லாருக்கும் ரொம்பச் சந்தோஷம், ஏனென்றால் கடலைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்று வருஷா வருஷம் பேசுகிறவர் அவர்.

பஞ்சவர்ணம் அக்காவுக்கு அறுபது வயது, நாற்பது வருஷமாக முங்குகிறவர். அவர் ஒரு கொடியைத் தடவிக்கொடுத்து நிறுத்தி, அடியில் இருந்த முற்றின இலை ஒன்றையும் உச்சியில் இருந்த குருத்து ஒன்றையும் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கிழட்டு இலை தகரத்தை நக்குன மாதிரி இருக்கு, குருத்து கல்கண்டா இருக்கு," என்றார். "நஞ்சு வந்தா இது செத்துப் போறதில்லடி. தன் வழவழப்புலயே அதை ஒட்டிப் பிடிச்சு, முத்துன இலைக்குள்ள தள்ளிப் பூட்டி வச்சுக்கிடும். குருத்தைத் தொடவிடாது. இலை பழுத்ததும் உதுத்துவிட்டுரும். இத்தனை நாளா தண்ணிக்குள்ளயே உதுத்துச்சு, இப்ப யாரு சாமானோ அவுககிட்டயே கொண்டாந்து குடுக்குது. இரவல் வாங்குன பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கறதில்லையா, அது மாதிரிதான்."

அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. ஏன் இந்த வருஷம், ஏன் செவ்வாய்க்கிழமை என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. ஆளுக்கொரு கொட்டாங்கச்சியை வாசலில் வைத்தார்கள், அது நிறைந்ததும் சங்கக் கட்டடத்தில் இருந்த மூடி போட்ட பீப்பாயில் கொட்டினார்கள்.

என் வாசலுக்குக் கொட்டாங்கச்சி போதவில்லை.

இதைத்தான் நான் சரியாகச் சொல்ல வேண்டும். பாசிக்குப் போகாத நாட்களில் நான் ஈயக்குண்டு வார்ப்பேன். வலையின் அடிக்கயிற்றில் கோர்க்கிற குண்டு, அது இருந்தால்தான் வலை தரையோடு தொங்கும். பழைய கார் பேட்டரிகளை வாங்கி வந்து, கொல்லையில் உடைத்து, ஈயத்தகடுகளை இரும்புச் சட்டியில் உருக்கி, அச்சில் ஊற்றுவேன். பேட்டரிக்குள் இருந்த தண்ணீரையும், தகட்டைக் கழுவின கறுப்புத் தண்ணீரையும் கொல்லைக்குப் பின்னால் ஓடுகிற ஓடையில் ஊற்றுவேன், ஓடை கடலுக்குப் போகும். பதினோரு வருஷமாக ஊற்றினேன். இரும்பு கொண்டுபோனால்தான் பாசிக்குக் கெடுதல் என்று நினைத்திருந்தேனே தவிர, தண்ணீரில் தண்ணீரை ஊற்றுவது கெடுதல் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் நாள் என் வாசலில் ஒரு கைப்பிடி சாம்பல் நிறக் குமிழ் இருந்தது. இரண்டாம் நாள் ஒரு மடி. நாலாம் நாள் இரண்டு கொடிகள் கூட்டாக வந்து உதறிவிட்டுப் போயின.

இதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தெருவைப் பார்த்தேன். ஏனென்றால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இருளாயி மயினி, என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி, பை சீக்கிரம் நிறையட்டும் என்று ஒரே ஒரு நாள் சுரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்ததைப் பார்த்துச் சங்கத்தில் சொன்னது நான்தான். கட்டு என்றால் கட்டு, சொந்தம் பார்க்கக் கூடாது என்று எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசியதும் நான்தான். மயினி ஒரு பருவம் முழுக்கக் கரையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் முங்கி எழுகிறபோதெல்லாம் அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரியும். எனக்கும் அப்படி ஒரு பருவம் வந்தால் என்ன செய்வேன்? வீட்டில் எனக்கு எதைப் பார்த்தாலும் பயம், அடுப்பைப் பார்த்தால் பயம், போன் அடித்தால் பயம், தண்ணீருக்குள் மூச்சடக்கி இருக்கிற அந்த ஒன்றரை நிமிஷம் மட்டும்தான் பயம் இல்லாமல் இருப்பேன். கடலை என்னிடமிருந்து எடுத்துவிட்டால் அந்த ஒன்றரை நிமிஷமும் போய்விடும்.

அதனால் பாசிக்கு இறங்குகிற நாளெல்லாம் வத்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எனக்குத் தலைவலி வந்தது. ஈரத்துணியோடு வீட்டுக்கு ஓடி, வாசலில் கிடந்ததை மடியில் அள்ளி உள்ளே கொண்டுபோனேன். புதைத்தேன், கோழி கிளறியது. தவிட்டு மூட்டைக்குள் வைத்தேன், தவிடு எங்கே என்று வீட்டுக்காரர் தேடினார். ஒரு நாள், சொல்லவே கூசுகிறது, மயினி வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தேன். அடுத்த நாள் ஒரு கொடி மயினி வாசலில் குனிந்து, அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தழையில் பொறுக்கிக்கொண்டு, வேலி இடுக்கு வழியாக என் வாசலுக்கு வந்து உதறிவிட்டு, அதற்குப் பிறகும் போகாமல், கூப்பிட்டால்தான் சாப்பிடுவேன் என்கிற சம்பந்தி மாதிரி நின்றுகொண்டே இருந்தது. படி முழுக்க ஈரம். போங்க, தெரிஞ்சுபோச்சு, போங்க என்று கெஞ்சி அனுப்பினேன்.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. ஈயம்தானே, உருக்கினால் குண்டாகிவிடும், குண்டாகிவிட்டால் குமிழ் இல்லை. சட்டியில் போட்டேன். அப்படிச் சுத்தமான ஈயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை, அழுக்கு ஏடு கட்டவில்லை, பால் மாதிரிச் சரிந்து அச்சில் இறங்கியது. இருபது படகுக்காரர்கள் வாங்கிப் போனார்கள், இந்தத் தடவை குண்டு பளபளவென்று இருக்கிறதே பூமயிலு என்று பாராட்டிவிட்டும் போனார்கள். பாசி கொண்டுவந்ததை நான் கடலுக்கே திருப்பி அனுப்பினேன், அது மறுபடி கொண்டுவந்தது, நான் மறுபடி வார்த்தேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இதற்கு நடுவில்தான் சாலை விஷயம் நடந்தது.

கொடிகளில் பாதி ஊருக்குள் வராமல் ஊர் எல்லையில் தார்ச்சாலையோரமாகத் தெற்கே பார்த்து நின்றன. அவற்றின் குமிழ்கள் கறுத்துப் பெருத்து நாவல்பழம் மாதிரித் தொங்கின. தெற்கே ஏழு கிலோமீட்டரில் ஒரு கம்பெனி இருக்கிறது, அதன் கழிவுநீர்க் குழாய் கடலுக்குள் வருகிறது, எல்லாருக்கும் தெரியும். அந்த வாசலுக்குத்தான் இவை புறப்பட்டிருக்கின்றன என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. நடந்தன. இரண்டாவது கிலோமீட்டரிலேயே வெயிலில் காய்ந்து சருகாகி விழுந்தன.

அது எங்கள் பெண்களுக்குப் பொறுக்கவில்லை. பழனிக்கு நடக்கிறவர்களுக்கும் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களுக்கும் பந்தல் போடுகிறோம், கடலிலிருந்து நடக்கிறதுக்குப் போடக் கூடாதா என்று பஞ்சவர்ணம் அக்கா கேட்டார். கிலோமீட்டருக்கு ஒன்று என்று ஆறு பந்தல் போட்டோம், ஓலை வேய்ந்து, மண்தொட்டி வைத்து, தொட்டி நிறைய உப்புத்தண்ணீர். கொடிகள் வரும், தொட்டியில் இறங்கி ஒரு மூச்சு ஊறும், எழுந்து நடக்கும். தெரியாமல் குடித்துவிட்டுத் துப்பின லாரிக்காரர்களுக்காகப் பக்கத்தில் நல்ல தண்ணீரும் வைத்தோம். டவுன் பஸ் நின்று வழிவிட்டது. கண்டக்டர், நடக்க முடியாத நாலு கொடிகளைக் கடைசி சீட்டுக்குக் கீழே ஏற்றிக்கொண்டு, இவற்றை ஆள் கணக்கில் சேர்ப்பதா லக்கேஜ் கணக்கில் சேர்ப்பதா என்று டிரைவரிடம் கேட்டார், ஈரமாக இருப்பதால் லக்கேஜ் என்று டிரைவர் தீர்ப்புச் சொன்னார்.

இதில் எல்லாம் நான்தான் முன்னால் நின்றேன். குடம் குடமாகத் தூக்கினேன், கடலுக்குள் விஷத்தை விடுகிறவர்களுக்கு வெட்கம் வேண்டாமா என்று கேட்டேன், அப்போது என் வாசலில் ஒரு மடி ஈயம் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் நோட்டை நீட்டி, யார் வந்திருக்கிறீர்கள், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

"பேரு கட்டக்கோரைன்னு எழுதுங்க," என்றார் பஞ்சவர்ணம் அக்கா. "குழாய் போட்டவரைப் பாக்கணும்."

அவரும் எழுதிவிட்டார். கொடிகள் உள்ளே போய் அலுவலகப் படியில் உதறின. முதல் வாரம் பெருக்கித் தள்ளினார்கள். இரண்டாம் வாரம் கேட்டை மூடினார்கள், கொடிகள் சுவரில் ஏறின, எங்கள் கொடிகளுக்குப் பாறையிலேயே ஒட்டிக்கொள்ளத் தெரியும், சுவர் எம்மாத்திரம். பங்குனி பிறந்தபோது குவியல் மேனேஜர் காரின் கதவைத் திறக்கவிடாத உயரத்துக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு குழாயை அடைத்துவிட்டு, உள்ளேயே ஏதோ தொட்டி கட்டுகிறோம் என்று பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். முழுசாக நம்ப வேண்டாம் என்று அக்கா சொல்லியிருக்கிறார், பந்தலை இன்னும் பிரிக்கவில்லை.

நாங்கள் கொட்டுக்காரர்களைக் கூட்டிவந்து கொண்டாடின மறுநாள், வெள்ளிக்கிழமை, நான் அகப்பட்டேன்.

அன்றைக்கு விரித்த வலைகள் எல்லாம் மூழ்கவில்லை. கொடியில் காய்கிற சேலை மாதிரித் தண்ணீரின் மேலே மிதந்தன, மீன்கள் கீழே அவற்றின் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அடிக்கயிற்றில் ஒரு குண்டுகூட இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் குண்டுகள் அவரவர் வாசலில் வரிசையாக இருக்கின்றன. என் அச்சில் ஒரு மூலை உடைந்திருக்கும், அதனால் நான் வார்க்கிற ஒவ்வொரு குண்டிலும் நகக்குறி மாதிரி ஒரு பள்ளம் விழும். இருபது வீட்டு ஆண்களும் குண்டுகளைத் துண்டில் முடிந்துகொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பூமயிலு, உன் பிள்ளைக எல்லாம் பொறந்த வீட்டுக்கு வந்துட்டாக, ஆரத்தி எடு" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் தன் வலைக்குண்டுகளையும் கொண்டுவந்து அந்தக் குவியலிலேயே வைத்துவிட்டு, கொல்லைக்குப் போய் ஓடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் உடைமரத்தடியில் சங்கம் கூடியது. எல்லாவற்றையும் சொன்னேன், தலைவலி உட்பட, மயினி வாசலில் கொட்டினது உட்பட. அழுதுகொண்டே சொன்னதால் இரண்டு தடவை சொல்ல வேண்டி வந்தது.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தண்டனையைத் தலைவி சொல்வதில்லை, கடைசியாகத் தண்டனை அனுபவித்தவள்தான் அடுத்தவளுக்குச் சொல்ல வேண்டும், அவளுக்குத்தான் அதன் கனம் தெரியும் என்பதற்காக. கடைசியாக அனுபவித்தவர் இருளாயி மயினி. அவர் வெற்றிலையை மென்று முடித்துத் துப்பினார்.

"ஒரு பருவம் முழுக்க நான் கரையில இருந்தேன்," என்றார். "நீங்கள்லாம் முங்குறப்ப நானும் மூச்சை அடக்கிக்கிடுவேன். நீங்க எந்திரிச்ச பெறகுதான் விடுவேன். உனக்குத் தெரியுமாடி?"

தெரியாது என்றேன்.

மயினி எழுந்து வந்து என் தாடையைப் பிடித்தார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடினேன்.

"வாயைத் தொற."

திறந்தேன். என் உதட்டை மேலே தூக்கிப் பார்த்துவிட்டு, பஞ்சவர்ணம் அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினார். என் ஈறில் பல்லோரமாகக் கருநீலமாக ஒரு கோடு ஓடுகிறதாம். நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன், வெற்றிலைக் கறை என்று நினைத்திருந்தேன். ராத்திரி வயிறு இழுத்துப் பிடிப்பதும், கை மரத்துப்போவதும் கவலையால் என்று நினைத்திருந்தேன். நான் வெற்றிலை போடுவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"இவ ஊத்துனது பாதிதான் கடலுக்குப் போயிருக்கு, மீதி ஈயம் இவ உடம்புக்குள்ளதான் ஏறியிருக்கு," என்றார் மயினி. "பாசிக்குக் கிழட்டு இலை இருக்கு, அதுல தள்ளிப் பூட்டிரும். இந்தக் கூறுகெட்டவ எங்க தள்ளுவா?"

யாரும் சிரிக்கவில்லை. மயினி என் தாடையை விடாமலே தண்டனையைச் சொன்னார். நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும், தானே கூட வருவாராம். கொல்லையில் ஈயம் உருக்குகிற உலையை இன்றைக்கே இடிக்க வேண்டும், சட்டியும் அச்சும் மிச்ச ஈயமும் பீப்பாய்க்குப் போக வேண்டும், இனி வலைக்குச் சுட்ட மண்குண்டு. கடலைப் பொறுத்தவரை, இந்தப் பருவம் பூமயில் ஒரு தழைகூடக் கிள்ளக் கூடாது, ஆனால் மாதம் பன்னிரண்டு நாளும் இறங்கியாக வேண்டும், ஒரு நாளும் தப்பக் கூடாது, கட்டக்கோரை அடர்ந்து நிற்கிற இடத்தில் கழுத்தளவில் நிற்க வேண்டும், கொடிகள் அவளிடமிருந்து எதை எடுத்துக்கொள்கின்றனவோ எடுத்துக்கொள்ளட்டும்.

"கரையில உக்காந்தா யாருக்குடி லாபம்," என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டுத் தாடையை விட்டார்.

ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், இருபது நாளுக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். கடலில் நின்றேன். கொடிகள் என் விரலுக்கு விரல், மருதாணி வைக்கிற மாதிரி, சுற்றிக்கொண்டு நின்றன, மற்றவர்கள் என்னைச் சுற்றி முங்கி எழுந்து பையை நிரப்பிக்கொண்டு, என்ன மகாராணி, குளிச்சு முடியலையா என்று கேலி செய்துவிட்டுப் போனார்கள். அந்தப் பருவம் முடிகிறபோது கோடு வெளுத்திருந்தது என்று மயினி சொன்னார். எனக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. மாத்திரையாலா பாசியாலா என்று டாக்டரிடம் கேட்கப் பயந்து கேட்கவில்லை.

இப்போதும் எனக்குப் பயம்தான். ஓடையில் இன்னும் என்ன படிந்திருக்கிறதோ, பதினோரு வருஷத்தில் எனக்கே தெரியாமல் வேறு எதை எதை ஊற்றினேனோ, அது என்றைக்கு வாசலுக்கு வருமோ என்று இருக்கிறது. யோசித்து யோசித்து, கடைசியில் கொத்தனாரைக் கூப்பிட்டேன். வாசற்படி மூன்றையும் இடித்துவிட்டு, தெருவிலிருந்து வீட்டுக்குள் கூடம் வரைக்கும் வழவழவென்று சரிவாக ஒரு மேடை போடச் சொன்னேன்.

"வண்டி ஏத்தவா?" என்று கேட்டார்.

"எங்களுக்கு ஏது வண்டி," என்றேன். "ஈரத்தோட வர்றவுக நேரா உள்ள வரட்டும். வாசல்லயே நின்னு ஊருக்கெல்லாம் சொல்றதுக்கு முந்தி எனக்குச் சொல்லட்டும்."

அவர் எத்தனையோ வாசல் பார்த்தவர், தலையை ஆட்டிக்கொண்டு பூசினார். சாயங்காலம் அவர் போன பிறகு, சிமெண்ட் காய்கிற வரை யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று குறுக்கே ஒரு கயிறு கட்டினேன். உள்ளே போய் உட்கார்ந்தேன், மனசு கேட்கவில்லை, திரும்பி வந்து கயிற்றை அவிழ்த்து, ஒரு கொடி குனியாமல் நுழைகிற அளவுக்கு உயரத் தூக்கிக் கட்டினேன்.